கொழுக்கட்டைப் புல்

பல ஆண்டுகளுக்கு முன் தாராபுரம் பகுதியில் பங்குத்தந்தையாகப் பணியாற்றியபோதுதான் கொறங்காடு என்னும் சொல்லை அறிந்தேன். கிளுவையை நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைத்து, உள்ளே வெள்வேல மரங்களுக்கிடையே கொழுக்கட்டைப் புல்லை வளர்க்கும் மேய்ச்சல் நிலம் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெறும் அம்மண்ணில் காங்கேயம் மாடுகளைத் தாங்கி நிற்பது இப்புல்லே.

ஒரு கோடையில் எம் பங்கைச் சேர்ந்த உழவர் ஒருவர் இறந்தார். அடக்கத் திருப்பலியில், எசாயா நூலின் 40-ஆம் அதிகாரம் மனிதரைப் புல்லுக்கு ஒப்பிடுவதை விளக்கி மறையுரை ஆற்றினேன். அவருடைய மனைவி அன்பியத்தை முன்னின்று நடத்தியவர். ஒரு மாதம் கழித்து அவரைச் சந்தித்து, “துயரம் போதும் அம்மா, அடுத்த வாரமே கூட்டத்தை நடத்துங்கள்” என்றேன்.

அவர் மறுமொழி கூறாமல் என்னைக் கொறங்காட்டுக்கு அழைத்துச் சென்றார். எங்கும் பழுப்பு நிறம். ஒரு தூரை விலக்கிக் காட்டினார்.

“மேலதானுங்க சாமி காஞ்சிருக்குது. அடியில உசுரு இருக்குதுங்க. மழை பேஞ்சாத் துளுக்கும். துளுத்த உடனே மாட்டை உட்டமுன்னா குருத்தைக் கடிச்சுப்போடும். அப்பறம் தூரே செத்துப்போயிருமுங்க. அதனால கொஞ்ச நாளைக்கு உள்ள உடமாட்டோம்.”

பின்னரே அதன் காரணத்தை அறிந்தேன். பல்லாண்டு வாழும் இப்புல், தண்டின் அடியிலும் வேரிலும் உணவைச் சேமித்து வைக்கிறது. புதிய குருத்து அச்சேமிப்பை உண்டே எழுகிறது. இலைகள் விரிந்து தாமே உணவு ஆக்குமுன் மீண்டும் மீண்டும் மேயப்பட்டால் சேமிப்புத் தீர்ந்து தூர் மடிகிறது. அதனாலன்றோ நிலத்தைப் பகுதிகளாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய்க்கின்றனர்!

புல்லின் வாட்டத்தைப் பற்றி மறையுரை ஆற்றிய எனக்கு அதன் அடியில் இருக்கும் உயிர் தெரியவில்லை. குருத்து எழுமுன்னரே மேய வந்து நின்றேன். ஆறுதல் என்ற பெயரால் நான் அவரிடம் கேட்டது என் பங்கின் வசதியையே. அன்று திரும்பும்போது என் அங்கியெங்கும் ஒட்டியிருந்த புல்விதைகளை நெடுநேரம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்பர்களே, துயருற்ற இல்லங்களுக்குச் செல்கையில் நாமும் சற்றே வேலிக்கு வெளியே காத்திருப்போம்.

ஐப்பசி மழைக்குப் பின் ஒரு மாலை, நான் அழைக்காமலே அந்த அம்மா அன்பியக் கூட்டத்துக்கு வந்தார்.