தலைக்கோடு போட்ட ஏ

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை. சம்பளச் சீட்டில் உள்ளூர்க்காரர் பெயர் தமிழிலும், ஒடிசாக்காரர் பெயர் ஒடியாவிலும், பீகார்க்காரர் பெயர் இந்தியிலும் வரவேண்டும் என்றார்கள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளமோ லத்தீன்1 குறியாக்கத்தில் கிடந்தது. மைஎஸ்கியூஎல் சுவீடனில் பிறந்தது. வெகுகாலம் அதன் டீஃபால்ட் லத்தீன்1, பெயர்களை அடுக்குவதும் சுவீடிஷ் முறைப்படிதான். யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுவதற்குக் கட்டளை ஒரே வரி. கோவை காந்திபுரம் ஆபீசில் எனக்குத் தொழில் பழக்கிய அண்ணன் அதை அடிக்க விடவில்லை.

"மாத்தறது அப்பறம் கண்ணு. மொதல்ல பேக்கப் எடு. உள்ள என்ன கெடக்குதுன்னு பாரு."

பார்க்கப் பழகுவதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. யுடிஎஃப்8-இல் 'க'வுக்கு 3 பைட்: ஈ0, ஏஈ, 95. லத்தீன்1 என்று நம்பித் திறந்தால் அதுவே தலைக்கோடு போட்ட சின்ன 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', ஒரு புள்ளி என்று தெரியும். அந்த 'ஏ' வரிசையாக நின்றால் சந்தோஷப்படலாம். தமிழ் பத்திரமாக இருக்கிறது, பெயர்ப்பலகைதான் தப்பு. அந்த ஃபீல்டை முதலில் பிளாப் ஆக்கி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 ஆக்கினால் எழுத்து மீண்டுவிடும். நேரே 'கன்வர்ட்' கொடுத்தால் அந்த 3 பைட் 7 ஆகிவிடும். வெறும் கேள்விக்குறிகள் நின்றால், எழுதும்போதே போய்விட்டது. பழைய காகித ரிஜிஸ்டரைத்தான் தேடவேண்டும்.

பழைய எழுத்துருவில் தட்டியவை தனித் தொல்லை. 1999-இல் தமிழக அரசு டேம், டேப் குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. அப்படித் தட்டிய பெயர்களுக்கு ஃபீல்டை மாற்றிப் பயனில்லை. எழுத்துக்கு எழுத்து மாற்றும் புரோகிராம் வேண்டும். 2010 ஜூனில், செம்மொழி மாநாடு இதே கோவையில் நடந்த சமயம், யுனிகோடு அரசின் தரமானது. இன்னும் டேப் கோப்பு அனுப்புகிறவர்களை என்ன சொல்வது!

தமிழ், ஒடியா, இந்தி மூன்றும் 3 பைட்டில் அடங்கும்போது 'எம்பி4' எதற்கு என்று கேட்டேன். முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019-இல் யுனிகோடில் ஏறின. அவற்றுக்கு 4 பைட். சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும் எமோஜிக்கும் அதேதான். பழைய சர்வரில் இதற்கு ஒரு விலை உண்டு. இண்டெக்ஸ் வரம்பு 767 பைட். 255 எழுத்து ஃபீல்டு 3 பைட் கணக்கில் 765, தப்பித்தது. 4 என்றால் 1020, சர்வர் மறுத்துவிடும். 191-ஆகக் குறைத்தோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கனெக்‌ஷன், டேபிள், ஃபீல்டு மூன்றையும் முதல் நாளே யுடிஎஃப்8எம்பி4 என்று வைத்துவிடுங்கள். 2018-இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0-இல் டீஃபால்ட்டே அதுதான். அதற்கு முந்தைய சர்வர் என்றால் நீங்கள்தான் எழுதவேண்டும்.