சென்னை கிட்ட, நெடுந்தீவு தூரம்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு வான்வழியே ஏறத்தாழ 350 கிலோமீற்றர். விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம், கூடினால் ஒன்றரை. 2019 நவம்பரில் தொடங்கிய சேவை கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. இரவிரவாகக் கொழும்புக்கு பஸ்ஸில் போய்க் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் நெடுந்தீவை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் துறைக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பிறகு கடலில் இன்னுமொரு மணித்தியாலம். நயினாதீவுக்கு அதே துறையிலிருந்து கால் மணித்தியாலமளவில் போய்விடலாம்; நெடுந்தீவாருக்குத்தான் திறந்த கடல். சோளகக் காற்று அடித்தால் அலை எழும்பும், சில நாள் படகே ஓடாது. பிரசவ வலியோடு ஒரு பெண், நெஞ்சுவலியோடு ஒரு முதியவர்... அவர்களுக்கு யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களும் இந்தக் கடலைத்தான் கடந்துகொண்டிருந்தார்கள். வேறு வழி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

சென்னைக்கு இன்னொரு விமானம் வேண்டுமென்று கேட்கிற உறவுகளே, கேளுங்கள். அதோடு நெடுந்தீவுக்குக் காற்றுக் காலத்திலும் ஓடக்கூடிய நல்ல படகொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.