கப்பிச் சாலையும் ஒரு லட்ச ரூபாய் சைக்கிளும்

கிராவல் என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. ஊராட்சிச் சாலைக்கு லாரியில் கொண்டுவந்து கொட்டும் செம்மண் கலந்த சரளைக்கு அதுவே பெயர். கிராவல் கொட்டியாகிவிட்டதென்றால் அடுத்த தேர்தலுக்குள் தார் வரும் என்று ஊர் நம்பும், வராமலும் போகும். அச்சொல்லோடு ‘பைக்’ சேர்ந்து ஒரு விளையாட்டின் பெயரானது அண்மைக்காலத்தில்தான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா நகரில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் அவ்விளையாட்டுக்குப் பெரும் அடையாளம் தந்தது. 2022இல் இத்தாலியில் அதன் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடைபெற்றது. இவற்றைப் புதுமை என்று சொல்வதிலும் ஓர் எல்லை உண்டு. 1910இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதன்முறையாகப் பிரனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்களைக் கடந்தபோது அங்கே இருந்தவையும் மண்தடங்களே. அவ்வாண்டு வென்ற ஒக்டாவ் லாபீஸ், டூர்மலே கணவாயில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் நடந்தார்.

மைசூரில் ஆய்வு செய்யும் தமிழ் மாணவர் ஒருவர், இரண்டு நாள் பயணத்துக்கு எனக் கொள்ளேகாலில் இருந்து அத்தகைய சைக்கிளில் புறப்பட்டார். முதல் நாள் அனூர், இராமபுரம், கௌதள்ளி வழியாக மாதேசுவரன் மலை. மறுநாள் இராமபுரத்துக்குத் திரும்பி, கர்கேகண்டி எல்லைச் சாவடியைக் கடந்து, பர்கூர் மலை வழியாக அந்தியூர். வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இது மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பயணம். வரலாற்றைப் பார்ப்பவருக்கு அப்படியன்று. 1956 வரை கொள்ளேகால் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா. மொழிவழிப் பிரிவினைக்குப் பின் மைசூர் மாவட்டத்துக்குச் சென்றது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ஆகவே பர்கூர் மலைச்சாலை, தொடக்கத்தில் ஒரே மாவட்டத்தின் இரு தாலுகாக்களை இணைத்த வழி. ஆடி மாதத்து அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் இப்பகுதியின் கால்நடை உலகுக்கு எவ்வளவு முக்கியமானவை என்பதை அறிந்தவர்களுக்கு, மலையின் இருபுறமும் ஏன் ஒரே ஊர்போல் பேசிக்கொள்கின்றன என்பது வியப்பளிக்காது.

சைக்கிளைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நாற்பது மில்லிமீட்டருக்கும் மேல் அகலமுள்ள சக்கரம். காற்று மிகக் குறைவாக. சாலைப் பந்தயச் சைக்கிளில் கல்போல் இறுகியிருக்கும் டயர், இதில் கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே அமுங்கும். அந்த மென்மைதான் சரளையின் மேல் பிடிமானத்தைத் தருகிறது. காற்றை நிறைத்துவிட்டால் ஒவ்வொரு கல்லும் சக்கரத்தைத் தூக்கி எறியும். தூக்கி எறியும் ஒவ்வொரு முறையும் முன்னே செல்ல வேண்டிய உழைப்பு மேலே வீணாகும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கவும் கூடாது. உடல் முன்னே சாய்ந்தால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து, அது இருந்த இடத்திலேயே சுழலும். இருக்கையில் அமர்ந்தபடி, மிகச் சிறிய கியரில், மாட்டுவண்டியின் பொறுமையோடு ஏற வேண்டும். இறக்கத்தில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தவர் கற்களை முகத்தால் சந்திப்பார். மாணவர் இவையனைத்தையும் முழங்கையில் பட்ட தழும்புகள் வழியாகவே கற்றிருந்தார்.

அனூர் வரை தார்ச்சாலையை விட்டுவிட்டு வயல்வழித் தடங்களிலேயே சென்றார். கொள்ளேகால் கடல்மட்டத்துக்கு மேல் அறுநூறு மீட்டரைத் தாண்டிய பீடபூமி ஊர். இங்கிருந்து தெற்கே செல்பவருக்கு மலை ஒரு படிக்கட்டு. அந்தியூரிலிருந்து வடக்கே வருபவருக்கு அது சுவர். கௌதள்ளியைத் தாண்டி மலையடிவாரமான தாளபெட்டத்தை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. அங்கே தேநீர்க்கடையில் நிகழ்ந்த உரையாடல்தான் இப்பயணத்தின் போக்கை மாற்றியது.

அவருடைய திட்டத்தில் யாருக்கும் சொல்லாத ஒரு பகுதி இருந்தது. மாதேசுவரன் மலையைச் சுற்றியுள்ள காட்டுக்குள் இண்டிகநத்தம் போன்ற ஊர்கள் உள்ளன. அவற்றுக்குச் செல்பவை கல்லும் முள்ளுமான தடங்கள். செயற்கைக்கோள் படத்தில் அவை நூலிழைகளாய்த் தெரியும். அவற்றில் ஒன்றில் ஏறி, தடத்தைப் பதிவுசெய்து, இணையத்தில் பகிர வேண்டும் என்பது அவர் ஆசை. கடையில் அரிசி மூட்டையை இறக்கிவைத்து அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் சைக்கிளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது என்ன விலை இருக்கும்?”

“ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆச்சுங்கய்யா.”

“மோட்டார் இல்லையே?”

“இல்லீங்கய்யா. ரோடு இல்லாத எடத்துல ஓட்டறதுக்குன்னே செஞ்சது.”

பெரியவர் சிரிக்கவில்லை. “ரோடு இல்லாத எடத்துல ஓட்டறதுக்கு ஒரு லட்சம் குடுக்கறீங்க. நாங்க ரோடு குடுங்கன்னு எத்தனை வருசமா கேக்கறோம்” என்று மட்டும் சொன்னார். பிறகு தேநீரைக் குடித்துவிட்டு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். உடல்நிலை சரியில்லாதவர்களைத் தூளி கட்டித் தூக்கிவரும் வழி அதுதான் என்று கடைக்காரர் பின்னர் சொன்னார்.

2024 ஏப்ரல் 26 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் இண்டிகநத்தத்தில் நடந்ததைச் செய்தித்தாள் படித்தவர்கள் அறிவார்கள். சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் இல்லை என்று ஊரார் தேர்தலைப் புறக்கணித்தனர்; மோதல் மூண்டு வாக்குச்சாவடி நொறுக்கப்பட்டது; 29ஆம் தேதி மறுவாக்குப்பதிவு நடத்தப்பட்டது. மாணவரும் அச்செய்தியைப் படித்தவர்தான். ஆனால் செய்தியில் இருந்த ஊரும் செயற்கைக்கோள் படத்தில் இருந்த நூலிழையும் ஒன்றே என்பது, தலையில் மூட்டையோடு ஒருவர் அத்தடத்தில் ஏறுவதைக் காணும்வரை அவருக்கு உறைக்கவில்லை. ஆய்வுத்துறையில் இருப்பவர்களுக்கு இந்த வகை மறதி நன்கு பழக்கமானது.

இதை வசதி படைத்தவரின் விளையாட்டு என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவதும் எளிதே. அதுவும் முழு உண்மையன்று. அந்தத் தடத்தில் தார் போட்டால் யானையும் புலியும் என்னாகும் என்னும் கேள்வி பொய்யன்று. இப்பகுதி 2013இல் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2025 சூனில் இதே சரணாலயத்தின் ஊகியம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் நஞ்சு வைத்த மாட்டின் இறைச்சியால் மாண்டன. காட்டுக்கும் அதன் விளிம்பில் வாழ்வோருக்கும் இடையிலான கணக்கு எவ்வளவு கசந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தேவை என்கிறது. பொதுச்சாலை வழியே கடந்து செல்பவருக்கு விலக்கு அளிக்கிறது. உள்ளே வாழ்பவருக்கும் விலக்கு உண்டு. சைக்கிளில் வருபவருக்கு அந்த நூலிழைத் தடத்தில் எந்த விலக்கும் இல்லை. இதை அவர் புறப்படுவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும்.

அன்று அவர் தடத்துக்குள் செல்லவில்லை. பேருந்துச் சாலையிலேயே மலையேறி, கோயில் அருகே தங்கினார்.

மறுநாள் பர்கூர். 1993இல் பாலாற்றங்கரையில் கண்ணிவெடி வெடித்த காலத்திலும், 2004இல் வீரப்பன் மறைவு வரையிலும், இம்மலைகளில் மகிழ்ச்சிக்காகச் சைக்கிள் ஓட்ட யாரும் வந்திருக்கப் போவதில்லை. இன்று கர்கேகண்டிச் சாவடியில் காவலர் பெயரைக் குறித்துக்கொண்டு, “ஆனை இருக்கும், நிக்காம போங்க” என்று சொல்வதோடு சரி. அந்த அறிவுரையில் ஒரு சிக்கல் உண்டு. பேருந்தும் லாரியும் தம் வருகையை அரை கிலோமீட்டர் முன்பே அறிவித்துவிடும். சைக்கிள் ஓசையில்லாமல் வரும். இறக்கத்தில் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் வரும். வளைவுக்கு அப்பால் நிற்கும் யானைக்கு அது திடீரென்று தோன்றும் உயிர். ஆகவே மாணவர் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, மணியை அடித்து, சில இடங்களில் உரக்கப் பாடவும் செய்தார். பாட்டு நன்றாக இல்லை. காட்டில் அதற்குத் தேவையும் இல்லை.

தாமரைக்கரையைத் தாண்டியதும் சாலை சரியத் தொடங்குகிறது. மழையில் மண் சரிந்து, தார் பெயர்ந்து, அடியிலிருந்த பழைய கப்பி வெளியே தெரிந்த இடங்களில்தான் அவர் வாங்கிய சைக்கிளுக்கு உண்மையான வேலை கிடைத்தது. எதிரே செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு பர்கூர் மாடுகள் வழிவிடாமல் நின்றன. ஓட்டிவந்த சிறுவன் சைக்கிளின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “காத்து இல்லீங்கண்ணா” என்றான். வேண்டுமென்றேதான் குறைத்திருப்பதாக விளக்கியும் அவன் நம்பவில்லை.

வரட்டுப்பள்ளம் அணையருகே, யானைக்கூட்டம் தண்ணீர் குடித்துவிட்டுக் கரையேறும்வரை அரை மணி நேரம் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றார். அந்தியூர் பேருந்து நிலையத்தில், பதிவுக்கருவியில் இருந்த தடத்தைப் பொதுவில் பகிராமல் சேமித்துக்கொண்டார். கொள்ளேகால் பேருந்தின் கூரையில் சைக்கிளை ஏற்றிக் கட்டியபோது நடத்துநர் அதற்கும் ஒரு பயணச்சீட்டைக் கிழித்து நீட்டினார்.