படகில் குடித்தனம்
(பத்தாம் வகுப்பு மாணவி)

திருப்பூரில் பிறந்து வளர்ந்த ஒருத்தி படகில் வாழ்வது எப்படி என்று எழுத வந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். கடலைப் பார்க்க வேண்டுமானால் நாம் கொச்சிக்கோ வேளாங்கண்ணிக்கோ இரயிலேற வேண்டும். நம் ஊரில் ஓடும் நொய்யலில் படகு விட நினைப்பவர் யாருமில்லை. ஆயினும் கடந்த ஓராண்டாக நான் ஓய்வு நேரத்தில் படித்ததும் கேட்டதும் இதைப் பற்றித்தான். அதில் பயனுள்ளவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

காரணம் இரண்டு பெண்கள். லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி நமக்கு அண்மையில் உள்ள புதுச்சேரியைச் சேர்ந்தவர். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா கோழிக்கோட்டுக்காரர். இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பினார்கள். எட்டு மாதங்கள், 25,000 கடல் மைல்களுக்கு மேல், படகைச் செலுத்தியது காற்று ஒன்றே. வழியில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்துத் தீவு, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு இடங்களில்தான் கரை தொட்டார்கள். பசிபிக் பெருங்கடலில் ‘நீமோ முனை’ என்றோர் இடம் உண்டு. அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் நிலத்தை அடைய ஏறத்தாழ 2,688 கிலோமீட்டர் செல்ல வேண்டும். விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடக்கும்போது அதில் இருப்பவர்களே மிக அருகில் உள்ள மனிதர்கள்! அந்த இடத்தையும் இருவரும் கடந்தார்கள்.

இதே தாரிணியில் 2017 செப்டம்பரில் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் புறப்பட்டு, 254 நாட்களில் உலகைச் சுற்றி, 2018 மே மாதம் திரும்பினார்கள். தமிழருக்கும் இது புதிதன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை, 1938-இல் அவ்வூர் மாலுமிகளே ஓட்டிக்கொண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை சென்றிருக்கிறார்கள்.

சரி, இனிக் குடித்தனத்துக்கு வருவோம். தாரிணியின் நீளம் சுமார் 56 அடி. நாங்கள் இருக்கும் லைன் வீட்டின் அளவை அறிந்தவர்களுக்கு அது பெரிதாகவே தோன்றும். ஆனால் அதற்குள்ளேயே பாய்கள், கயிறுகள், எஞ்சின், மின்கலங்கள், நாற்பது நாள் உணவு, கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும். எனவே படகு வாழ்க்கையின் முதல் விதி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், இருட்டிலும் கை நீட்டினால் அது அங்கே இருக்க வேண்டும் என்பது. இன்னொரு விதி, அட்டைப் பெட்டியைப் படகுக்குள் ஏற்றக்கூடாது! நம் ஊரே அட்டைப் பெட்டியில்தான் ஓடுகிறது. ஆனால் அட்டையின் மடிப்புகளில் கரப்பான் பூச்சி முட்டையிட்டிருக்கும். நடுக்கடலில் அவை பொரித்தால் ஓட்டிவிட இடமில்லை. ஆகவே சாமான்களைக் கரையிலேயே பிரித்து, டப்பாக்களில் மாற்றிக்கொள்வார்கள். தகர டப்பா உணவின் மேலிருக்கும் காகிதத்தையும் கிழித்துவிட்டு, மூடியில் மையால் எழுதிவைப்பார்கள். ஈரத்தில் காகிதம் உரிந்து, படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பை அடைத்துவிடுமாம்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் மட்டும் திருப்பூர்ப் பெண்களாகிய நாம் பாதி மாலுமிகள். நம் வீடுகளில் உப்புத் தண்ணீர் ஒரு குடம், நல்ல தண்ணீர் ஒரு குடம் என்று தனித்தனியே வைத்துத்தானே வாழ்கிறோம்? படகிலும் அப்படியே. பல படகுகளின் சமையலறைத் தொட்டியில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் கடல்நீர், மற்றொன்றில் நன்னீர். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசியில் ஒரு கை நன்னீர் விட்டு அலசுவார்கள். குளியலும் அவ்வாறே. சாதாரண சோப்பு கடல்நீரில் நுரைக்காது. தலைக்குப் போடும் ஷாம்பு நுரைக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில் வரை ரூபா, தில்னா இருவருக்கும் 38 நாட்கள் ஆயின. கணக்குப் போட்டால் 228 லிட்டர். நம் வாசலில் நிற்கும் நீல டிரம் ஒன்றும் அதற்கு மேல் இரண்டு குடமும்! அதையும் ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது. ஒரு தொட்டி ஒழுகினாலோ கெட்டாலோ மற்றது இருக்க வேண்டும். மழை வந்தால் பாயிலிருந்து வழியும் நீரைப் பிடிக்கலாம். ஆனால் முதல் பத்து நிமிட நீரை விட்டுவிட வேண்டும், பாயில் படிந்த உப்பு அதில்தான் கரைந்து வரும்.

இப்போது பல படகுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியும் உண்டு. இதைப் படித்துக் காட்டியபோது என் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “உப்பைப் பிரிக்கறதுக்கு அங்கயும் இதே மெம்பரேன்தானா அம்மிணி?” என்றார்.

அப்பாவைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பெல்லாம் கழிவோடு போய் நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் சேர்ந்தது. கீழ்ப்பகுதி விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது. அப்பாவுக்கு வேலை போயிற்று. சில காலம் பேக்கிங் வேலை பார்த்து, பிறகு ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. இயந்திரம் ஓட்டுபவராகச் சேர்ந்தார். எனவே இந்தக் கருவியைப் பற்றி அவர் சொன்னதை நான் புத்தகத்தைவிட நம்புகிறேன்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை மெம்பரேன் வழியே தள்ள, காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 55 மடங்கு அழுத்தம் வேண்டும். உள்ளே போகும் நீரில் ஒரு பகுதிதான் நன்னீராக வரும். மீதி உப்பு கூடிய நீராகத் திரும்பும். படகில் அதைக் கடலிலேயே விட்டுவிடலாம். இங்கோ ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பதால், அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள்; செலவெல்லாம் அதில்தான் என்றார் அப்பா. எண்ணெய் பட்டால் மெம்பரேன் பாழ். ஆகவே எண்ணெய் மிதக்கும் துறைமுகத்துக்குள் கருவியை ஓட்டக் கூடாது. திறந்த கடலில்தான் ஓட்ட வேண்டும். அன்று இரவு வெகுநேரம் அப்பா இதையே பேசிக்கொண்டிருந்தார்.

உடை விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. நம் ஊரின் பெருமையான பருத்தி பனியன், குளிர்ந்த தென்கடலில் உதவாது! பருத்தி நனைந்தால் நீரைப் பிடித்துக்கொண்டு உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அங்கே உள்ளுடைக்குக் கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன்மேல் கதகதப்பான ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத உடை என்று அடுக்கடுக்காக அணிகிறார்கள். கடல்நீரில் துவைத்த துணி காயவே காயாது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசி அலசல் நன்னீரில் இல்லாவிட்டால் தோலில் புண்தான். அம்மாவுக்கு இதைவிட ஆர்வமூட்டியது பாயின் தையல். பாய் கிழிந்தால் படகிலேயே தைக்க வேண்டும். நேர்த்தையலில் இழுவிசை ஒரே வரியில் விழுந்து நூல் அறுந்துவிடும் என்பதால் வளைந்து வளைந்து செல்லும் ஜிக்ஜாக் தையல் போடுவார்கள். அம்மா பதினெட்டு ஆண்டுகளாக ஓவர்லாக் மிஷினில் இருப்பவர். “அதுக்கென்ன, நானே தெச்சுக் குடுத்துருவேன்” என்றார். அம்மாவையும் படகில் ஏற்றிக்கொள்ளலாம் போலும்!

சமையலைக் கேளுங்கள். படகு சாய்ந்தாலும் அடுப்பு சாயாதிருக்க, அதைத் தொட்டில்போல் ஊசலாடும்படி பொருத்தியிருப்பார்கள். பிரஷர் குக்கர் மிக நல்லது, மூடி பூட்டியிருப்பதால் கவிழ்ந்தாலும் சிந்தாது. அலை பெரிதாக இருக்கும்போது எண்ணெய்ச் சட்டியை வைக்கவே கூடாது. அப்பளப் பிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். சமைக்கும்போது வெப்பம் தாங்கும் நீண்ட உடையோடு, இடுப்பில் வார் மாட்டிக்கொள்வார்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பகுதியில் போய்த் தங்கிவிடும். வீட்டிலாவது சன்னலைத் திறக்கலாம், படகில் ஒரு பொறி போதும். எனவே ஒவ்வொரு முறையும் சிலிண்டர் வால்வையே மூட வேண்டும். முட்டையில் லேசாக எண்ணெயோ வாசலினோ தடவி வைத்தால் குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் இருக்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் வேறு வேறு வலைப்பைகளில் தொங்கவிட வேண்டும். சேர்த்து வைத்தால் விரைவில் கெடும். எலுமிச்சை, முளைகட்டிய பயறு அவசியம். பழைய காலத்தில் இவை இல்லாமல்தான் மாலுமிகள் ஈறு வீங்கி மாண்டார்கள்.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தப்பா தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியில் வேலை செய்கிறார். விடுமுறைக்கு வந்தபோது அவரிடம் கேட்டேன். “கடல் நோவு வந்தா கீழ போய்ப் படுக்காத புள்ள. மேல வந்து தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டப் பாரு, இஞ்சியக் கடி” என்றார். அங்கே தலைவரைத் ‘தண்டல்’ என்பார்களாம். தண்டலின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

உறங்குவது எப்படி? இருவர் மட்டும் என்றால் ஒருவர் உறங்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். எட்டு மாதமும் முழு இரவுத் தூக்கம் என்பது துறைமுகத்தில்தான். படுக்கையிலிருந்து உருண்டு விழாதிருக்கப் பக்கவாட்டில் ஒரு துணியைத் தடுப்பாகக் கட்டிக்கொள்வார்கள். பார்த்தால் நம் வீட்டுத் தூளிதான். மேல்தளத்துக்கு வரும்போது, இரவானாலும் பகலானாலும், உடலில் கட்டிய வாரைப் படகின் கயிற்றில் மாட்டிவிட்டுத்தான் வர வேண்டும். இரவில் தனியாகக் கண்விழிப்பவர் விழுந்தால், உறங்குபவருக்கு அது தெரியவே தெரியாது. இந்த ஒரு வரியை மட்டும் நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

பழுது பார்ப்பதும் குடித்தனத்தின் ஒரு பகுதியே. 2018-இல் ஆறு பெண்களும் வந்த பயணத்தில் சுக்கானை இயக்கும் பாகம் பழுதாகி, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸில் நின்று சரிசெய்ய நேர்ந்தது. குப்பைக்கும் ஒரு வார்த்தை: பிளாஸ்டிக்கைக் கடலில் எறிவதைப் பன்னாட்டுச் சட்டம் 1988 முதலே தடுக்கிறது. நாற்பது நாள் பிளாஸ்டிக்கையும் கழுவி மடித்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். நம் தெருமுனையை நினைத்துப் பார்த்தேன், மேலே எழுதவில்லை.

இதையெல்லாம் எதற்குச் சேர்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு: நான் கடற்படையில் சேர விரும்புகிறேன். தேசியப் பாதுகாப்பு அகாடமி 2022 முதல் பெண்களைச் சேர்க்கிறது. தாரிணி திரும்பிய மறுநாள், 2025 மே 30 அன்று, முதல் 17 பெண்கள் அங்கே பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். கடற்படைப் பிரிவுக்கு மேல்நிலையில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும். வீட்டிலோ என்னை வணிகவியல் எடுக்கச் சொல்கிறார்கள். “ஏங்கண்ணு, கம்பெனில ஏசி ரூம்ல உக்காந்து கணக்குப் பாக்கறத விட்டுப்போட்டுக் கடல்ல போயிக் கஷ்டப்படோணுமா?” என்கிறார் அம்மா. அவர் நின்றே கழித்த பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கேள்வியில் இருப்பதால், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பா எதுவும் சொல்வதில்லை. ஆனால் சென்ற மே மாதம் என்னைத் தாராபுரம் பக்கத்தில் உள்ள அப்புச்சியின் ஊருக்கு அனுப்பியவர் அவர்தான். “மொதல்ல நீச்சல் படி. அப்பறம் பேசிக்கலாம்” என்றார்.

அப்புச்சி முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். நான்காம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டார். இப்போது அந்தக் கிணற்றை நிற்காமல் பன்னிரண்டு சுற்று வருகிறேன். பிளஸ் ஒன் விண்ணப்பம் வரும் முன் அதை ஐம்பதாக்க வேண்டும்.