ஒரு முன்னொட்டும் ஓர் இசைத்தொகுப்பும்

சற்றே நீண்ட பதிவு. மொழியியல் மாணவர்களும் கனத்த கிட்டார் ஒலியைப் பொறுத்துக்கொள்ளக் கூடியவர்களும் வாசிக்கலாம்.

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் ஏற்கப்பட்டிருந்த என் கட்டுரைச் சுருக்கத்தை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஏன் என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டு வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தக் காரணம் டாக்காவின் ஓர் இசைத்தொகுப்பைப் பற்றிய பேச்சிலிருந்து பிறந்தது. ஆகவே சுற்றி வளைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கொல்கத்தாவுக்கு வந்த முதல் மழைக்காலம். விடுதியில் பக்கத்து அறைத் தோழி இரவு தோறும் ஒரே பாடலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பதினாறு நிமிடத்துக்கும் மேல் நீளும் பாடல் அது. தொடக்கத்தில் தனித்த கிட்டார்; பிறகு சுவர் அதிரும் அளவுக்கு மெட்டல்; நடுவே தாளக்கணக்கு மாறிக்கொண்டே போகும் நெடிய வாத்தியப் பகுதி; மறுபடியும் அமைதி. புரோக்ரசிவ் மெட்டலின் கட்டுமானமும் தொண்ணூறுகளின் ஆல்டர்நேட்டிவ் ராக்கிற்குரிய சோர்ந்த குரலும் அதில் ஒன்றாகக் கலந்திருந்தன. 1999இல் டாக்காவில் தொடங்கிய ஆர்ட்செல் குழுவினர் 2006இல் வெளியிட்ட இரண்டாம் தொகுப்பின் தலைப்புப் பாடல் அது. தொகுப்பின் பெயர் ‘ஒனிகேத் ப்ரான்தொர்’. இப்படித் தமிழில் எழுதுவதில்தான் சிக்கலே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு அப்போது வங்கமொழி, பேருந்து நடத்துநரிடம் இறங்குமிடம் சொல்லும் அளவுக்குத்தான் தெரியும். ஆனாலும் அப்பாடலில் பாதிச் சொற்கள் புரிந்தன. தெருவில் புரியாத மொழி மெட்டல் பாட்டில் புரிவது வேடிக்கைதான். விளக்கம் எளியது. அந்தக் குழுவின் பாடல்களில் தற்சமச் சொற்கள் மிகுதி. வடமொழிச் சொற்களைத் தமிழ் வழியாக ஓரளவு அறிந்தவர்க்கு, மீன் சந்தையின் வங்கத்தைவிட இந்த வங்கம் நெருக்கமாக இருக்கும்.

இது டாக்காவுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. கொல்கத்தாவின் மொஹீனேர் கோராகுலி 1977இல் தம் முதல் தொகுப்புக்கு ‘சங்விக்ன பாகிகுல் ஓ கல்கத்தா விஷயக்’ என்று ஏதோ பழைய நிகண்டின் தலைப்பைப் போலப் பெயரிட்டார்கள். செய்தித்தாள்கூடச் சாது நடையைக் கைவிட்டிருந்த காலம் அது. ஆனந்தபஜார் பத்திரிகை தன் செய்திகளைப் பேச்சுசார் நடைக்கு மாற்றியது 1965இல். நாளிதழ் இறக்கிவைத்ததை ராக் இசைஞர்கள் தூக்கிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நம்மிடம் நிலை வேறு. தமிழில் கிட்டார் எடுத்தவர் பெரும்பாலும் பேச்சு வழக்கையே எடுக்கிறார். சிங்கப்பூரில் 1992இல் உருவான ருத்ரா குழுவினர் உயர்நடை தேடியபோது ஆங்கிலத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும்தான் போனார்கள். செந்தமிழ் மெட்டல் ஏன் இல்லை என்பது தனிப் பதிவுக்குரிய பொருள். இரட்டை வழக்கைப் பற்றி ஆராயும் எவரேனும் எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

இனி அந்தச் சொல். ‘நிகேதனம்’ என்றால் வீடு. சாந்திநிகேதன் நாம் அறிந்ததே. ‘அநிகேத’ என்றால் வீடற்ற. கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வரும் சொல்தான். ‘பிராந்தரம்’ பரந்த வெளி.

வங்கமொழியில் ஏழு வாயுயிர்கள் உள்ளன. சார்லஸ் ஃபெர்குசனும் முனீர் சௌதுரியும் 1960இல் வெளியிட்ட வங்க ஒலியன்கள் பற்றிய கட்டுரையை வாசித்தவர்கள் அறிவார்கள். (இரட்டை வழக்கு பற்றி எழுதிய அதே ஃபெர்குசன். முனீர் சௌதுரி 1971 டிசம்பரில் டாக்காவில் கொல்லப்பட்ட அறிவாளர்களுள் ஒருவர்.) அவ்வேழில் இரண்டு நமக்குத் தொல்லை தருபவை. ஒன்று நம் ‘ஒ’ போன்றது. மற்றொன்று அதைவிட வாய் திறந்து ஒலிப்பது. ஆங்கிலப் பந்தைத் தமிழில் ‘பால்’ என்று எழுதிவிட்டு நம் நாக்கு தேடுமே, அந்த உயிர். பின்னால் இகரமோ உகரமோ வந்தால் இந்தத் திறந்த உயிர் பொதுவாக மூடிக்கொண்டு ‘ஒ’ ஆகிவிடும். ஆனால் எதிர்மறை முன்னொட்டாக வரும் ‘அ’ மட்டும் அப்படி மாறாது. ‘ஸீமா’ இல்லாதது ‘அஸீம்’ எனும்போது முதல் உயிர் திறந்தே இருக்கும். அதுவே ஓர் ஆளின் பெயரானால் உயிர் மூடிக்கொள்ளும், ‘ஒஷிம்’ ஆகும். அதாவது, சொல்லுக்குள் ‘இல்லை’ என்பதைப் பேசுபவர் உணர்கிறாரா இல்லையா என்பது அந்த ஓர் உயிரில் தெரிந்துவிடும். இதைவிட அழகான விதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் ஆய்வேட்டின் ஓர் இயல் இதைப் பற்றியதே. லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ பகுதிகளில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் வங்கமொழி பேசும்போது இந்த வேறுபாட்டைக் காக்கிறார்களா? வீடு வீடாகச் சென்றேன். சொற்பட்டியலை வாசிக்கச் செய்து பதிவு செய்தேன். கேட்டு எழுதினேன். பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கிறார்கள், தமிழின் தாக்கம் என்று முடிவும் கண்டேன். அதுதான் ஏற்கப்பட்ட கட்டுரை.

தகவலாளர்களுள் ஒரு மாமி. ஐம்பதைத் தாண்டியவர், கொல்கத்தாவிலேயே பிறந்து, படித்து, வேலை பார்த்தவர். என்ன கண்டுபிடித்தாய் என்று ஆவலாகக் கேட்டார். உங்கள் வங்கமொழியில் தமிழின் சாயல் இன்னும் இருக்கிறது என்று, பாராட்டுப் போல எண்ணிக்கொண்டு, சொன்னேன். அவர் முகம் சட்டென்று வாடியது. “நான் பொறந்தது இங்கேதான்மா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார். தரவு தரவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெட்ரோ ஏறினேன்.

சில வாரங்கள் கழித்து, ஆர்ட்செல்லின் மூன்றாம் தொகுப்பைப் பற்றிப் பக்கத்து அறைத் தோழியோடு பேசிக்கொண்டிருந்தேன். 2023இல், பதினேழு ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்தது. மூன்றாவதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அத்ருதீய’: மூன்றாவது அல்லாதது. மறுபடியும் அதே முன்னொட்டு! நான் உற்சாகமாக இரண்டு தலைப்புகளையும் மாறி மாறிச் சொல்லி விதியை விளக்க, அவள் சிரித்தாள். “தீதி, நீங்கள் எப்போதும் அதை ஒரு பையனுடைய பெயரைப் போலத்தான் சொல்கிறீர்கள்.”

அனிகேத் என்ற பெயருடைய பையன்கள் இங்கே உண்டு. வீடற்ற வெளி என்று நான் எண்ணிச் சொன்னதெல்லாம் அவள் காதில் அனிகேத் என்பவனுடைய மைதானமாக விழுந்திருக்கிறது. அவள் இரண்டையும் சொல்லிக்காட்டினாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. மறுபடி சொன்னாள். அப்போதும் ஒன்றாகவே கேட்டன. அந்தப் பெயரை நான் முதலில் ரோமன் எழுத்தில்தான் பார்த்தேன். அங்கே இரண்டு உயிர்களுக்கும் ஒரே ‘ஓ’. கண் கற்றதையே காது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றிரவு தூங்கவில்லை. பதிவுகளைத் திறந்து, ‘அஸீம்’ வரும் இடங்களை மட்டும் வெட்டி, யார் குரல் என்று சொல்லாமல் தோழியிடமும் வங்கமொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இன்னொருவரிடமும் கொடுத்தேன். ‘பிராட்’ மென்பொருளில் முதல் ஃபார்மண்டையும் அளந்தேன். வாய் திறந்த உயிருக்கு அது உயர்ந்திருக்க வேண்டும். உயர்ந்திருந்தது. இருவர் காதும் மென்பொருளும் ஒரே பக்கம் நின்றன. என் தகவலாளர்கள் பெயரையும் பொருளையும் தெளிவாகப் பிரித்தே ஒலித்திருந்தார்கள். மாமியின் இரண்டு உயிர்களுக்கும் இடையே இருந்த தொலைவு என் தோழியினுடையதைவிடக் கூடுதல்.

ஒன்றாகிப் போயிருந்தவை என் காதில்தான்.

இரண்டாவது கேட்பாளர் இல்லாமல் ஒலிபெயர்ப்பை முடிக்காதே என்று நெறியாளர் முதலாண்டிலேயே சொல்லியிருந்தார். நேரமில்லை என்று தள்ளிப்போட்டது நான். கருத்தரங்கினருக்கு மின்னஞ்சல் அனுப்ப ஐந்து நிமிடம் ஆயிற்று. லேக் மார்க்கெட்டுக்குப் போகப் பத்து நாள் ஆயிற்று.

மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “அப்போ வெளியூரு உன் காதுதான்னு சொல்லு” என்றார். காபி வந்தது. எந்தப் பாட்டால் இது தெரிந்தது, போடு பார்க்கலாம் என்று கேட்டார். கைப்பேசியில் போட்டேன். அமைதியான பகுதியைத் தலையசைத்துக் கேட்டார்; மெட்டல் வந்ததும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். பிறகு திரையில் இருந்த தலைப்பை வங்க எழுத்தில் கூட்டி, ஒரு முறை வாய்விட்டு வாசித்தார்.

ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோயிருக்கவில்லை. வேறுபாடு கேட்டது போலிருந்தது. இன்னொரு முறை சொல்லுங்கள் மாமி என்றேன்.