ஓரத்தில் ஒரு கை

2009இல், பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, திருநெல்வேலியில் ஒரு சிற்றிதழுக்கு லே-அவுட் செய்துகொடுத்தேன். சம்பளம் கிடையாது. இதழ் வந்ததும் ஐந்து பிரதிகள், ஒரு டீ. தெரிந்த அண்ணனின் டி.டி.பி. சென்டரில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கணினி சும்மா கிடக்கும். பேஜ்மேக்கரை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஓர் இதழில் உப்பளத் தொழிலாளர்கள் பற்றி நீளமான கட்டுரை. படம் வேண்டும் என்றார் ஆசிரியர். என் வகுப்புத் தோழன் தூத்துக்குடிக்காரன். தவணையில் வாங்கிய நிக்கான் கேமரா வைத்திருந்தான். நான்கு நாள் விடியுமுன் போய் உப்பளத்தில் நின்று எடுத்ததில் ஒரு படத்தை அனுப்பினான். தலையில் உப்புக்கூடையோடு ஒரு பெண். வெள்ளைக் குவியல், சாம்பல் வானம். படத்தின் இடது ஓரத்தில் இன்னொருத்தியின் கை மட்டும், கூடையைத் தூக்கிவிட்டு இன்னும் விலகாமல்.

டெமி அளவு இதழ். ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம், நான்கு ஃபாரம், 64 பக்கம். அதற்கு மேல் ஒரு பக்கம் கூட்ட வேண்டுமென்றாலும் காகிதக் கணக்கு எகிறும். படத்தை முழு அகலத்தில் வைத்தால் கட்டுரை ஆறு வரி வழிந்தது. எழுத்தின் அளவைக் குறைக்கலாமா என்று கேட்டேன். “எழுத்துல கை வைக்காதீங்க தம்பி. படத்தச் சின்னது பண்ணிக்கோங்க” என்றார் ஆசிரியர்.

படத்தின் இடது பாதியை வெட்டிச் செங்குத்தாக்கி, பக்கத்தில் எழுத்தை ஓடவிட்டேன். ஆறு வரியும் அடங்கியது. எனக்கு அன்றைக்குப் பெருமைதான்.

இதழ் வந்தது. அடுத்த மாதக் கடிதங்களில் ஒருவர், தன்னந்தனியாகப் பாரம் சுமக்கும் அந்தப் பெண்ணின் வைராக்கியம் படத்தில் தெரிகிறது என்று பாராட்டி எழுதியிருந்தார். நண்பன் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஏல, தூக்கிவிடுத கை எங்கல?”

அவன் நான்கு நாள் காத்திருந்தது அந்தக் கைக்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உப்பளத்தில் யாரும் தனியாகக் கூடையைத் தலைக்கு ஏற்ற முடியாது. அவன் எடுத்தது இரண்டு பேரின் படம். நான் அச்சிட்டது ஒருத்தியின் படம். அதற்குப் பிறகு அவன் எந்த இதழுக்கும் படம் கொடுக்கவில்லை.

பல வருடம் கழித்து யூஜின் ஸ்மித்தைப் பற்றிப் படித்தேன். 1948இல் ‘லைஃப்’ இதழில் ஒரு கிராமத்து டாக்டரைப் பின்தொடர்ந்து அவர் செய்த படக்கட்டுரை இன்றும் பாடமாக வைக்கப்படுகிறது. 1954இல் ஆல்பர்ட் ஷ்வைட்சர் பற்றிய தன் படங்களை இதழ் பயன்படுத்திய விதம் பிடிக்காமல் அவர் வேலையையே விட்டார். படித்ததும் என் நண்பன் ஞாபகம் வந்தது. குற்றவாளிக் கூண்டில் நான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த வருடம் பிட்ஸ்பர்க் நகரத்தைப் படமெடுக்கப் போனார் ஸ்மித். கேட்டது சுமார் நூறு படம். அவர் எடுத்தது சுமார் 17,000. கடைசியில் 1959ஆம் ஆண்டுக்கான ஒரு புகைப்பட ஆண்டிதழ் பக்கங்களைக் கொடுத்து, லே-அவுட்டையும் அவர் கையிலேயே விட்டது. அது தோல்வி என்று அவரே சொன்னார். தன் படத்தில் எதையும் விட மனசு வராதவர் பக்கம் அமைப்பது கஷ்டம். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் படம் படிக்கத் தெரிய வேண்டும். ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழில் 1934 முதல் 1958 வரை ஆர்ட் டைரக்டராக இருந்த அலெக்ஸி ப்ரோடோவிச்சும் படங்களை இரக்கமில்லாமல் வெட்டியவர்தான். ஆனால் ரிச்சர்ட் அவெடான் அவரைத்தான் ஆசான் என்றார்.

ஆகவே வெட்டியது என் தப்பு இல்லை. பார்க்காமல் வெட்டியதுதான். படத்தை இடம் அடைக்கும் சரக்காக மட்டுமே எண்ணினேன். நம் இலக்கிய இதழ்களில் நான் கண்ட பழக்கம் அது. ஒரு கமாவை மாற்ற எழுத்தாளரிடம் கேட்போம். பாதிப் படத்தைத் தூக்க யாரிடமும் கேட்பதில்லை. ஆதிமூலம் கையால் எழுதித் தந்த தலைப்பெழுத்துகளால்தான் பல புத்தகங்களும் இதழ்களும் நம் கண்ணில் நிற்கின்றன. அப்படிப்பட்ட வேலையையும் ‘உதவி’ என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம். உதவியை எத்தனை வருஷம் ஒருவர் செய்வார்? நான் மென்பொருளுக்குப் போனேன். அவன் கல்யாண போட்டோவுக்குப் போனான்.

இப்போது என் வேலையில் ‘ஆப்ஜெக்ட்-ஃபிட்: கவர்’ என்று ஒரு வரி அடிக்கடி எழுதுகிறேன். எந்தப் படம் வந்தாலும் கட்டத்தை நிரப்பி, மிஞ்சுவதை அதுவே வெட்டிவிடும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் நடுவை வைத்துக்கொண்டு ஓரங்களை எறியும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை ஞாபகம் வரும்.

போன மாதம் என் கட்டுரைத் தொகுப்புக்கு அட்டைப்படம் வேண்டியிருந்தது. அவனுக்கு போன் போட்டு, அந்த உப்பளப் படத்தையே கேட்டேன். முழுசாக, கையோடு.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “அட்ட என்ன அளவுல? காசு எவ்வளவு?”

ஒரு நொடி சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். 2009இல் எங்களிடம் யாராவது பேசியிருக்க வேண்டிய இரண்டு விஷயங்களும் அவைதானே. பதிப்பாளரிடம் கேட்டு இரண்டுக்கும் பதில் அனுப்பிய பிறகுதான் படம் வந்தது.