ஓலையில் அவர்கள் இருந்தார்கள்

ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு, பதில் தெரிந்திருந்தும், பொய் சொன்னேன். கேட்டவர் பூதப்பாண்டியைச் சுற்றியுள்ள வயல்களில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவள். "சாரே, அழகியபாண்டியபுரத்து ஓலைகள்ல எங்க ஆளுகளப் பத்தி என்னவாவது உண்டுமா?" என்று கேட்டார். "அப்படி ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் வரிக்கணக்கும் வாய்க்கால் வழக்கும்தான்" என்றேன். அவர் நம்பிப் போய்விட்டார். வாத்தியார் சொன்னால் நம்புகிற மனிதர். அவர் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஓலைகளின் அச்சுப் பதிப்பைப் படித்து, அவருடைய ஆட்களைப் பற்றிய இடங்களில் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தேன்.

வாய் தவறி வந்த பொய் அல்ல அது. பல வருஷப் பழக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

யாருக்கும் தெரியாத கதைகளைத் தேடி எழுதுவது என் வேலையாக இருந்தது. ஒரு பத்திரிகையில் தொடராக எழுதினேன். பள்ளிப் பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போவேன். விழா மேடைகளிலும் பேசுவேன். பூதப்பாண்டிக்காரனுக்குக் கதைக்குப் பஞ்சமே இல்லை. புறநானூற்றில் பாடல் எழுதிய ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன், அவன் இறந்தபின் சான்றோர் தடுத்தும் கேளாமல் தீப்புகுந்த அவன் மனைவி பெருங்கோப்பெண்டு எழுதிய பாடல், அந்தப் பெயரோடு ஊரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் என்று ஒரு நாள் ஓடும். இன்னொரு நாள் ஜீவா. 1907 ஆகஸ்ட் 21 அன்று எங்கள் ஊரில் பிறந்து, பிறகு பொதுவுடைமை இயக்கத்தின் குரலாக ஆன ப. ஜீவானந்தம். லாகூர் சிறையில் பகத்சிங் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரை, அவர் தூக்கிலிடப்பட்ட பிறகு 1931 செப்டம்பரில் 'தி பீப்பிள்' இதழில் வந்தது. ஜீவா அதைத் தமிழாக்கினார். பிற்காலத்தில் ஆங்கில மூலம் கிடைக்காது என்று எண்ணிய சிலர் ஜீவாவின் தமிழிலிருந்தே அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் மூலம் போலவே உலவியது. பூதப்பாண்டிக்காரர் ஒருவரின் தமிழ் வழியாக உலகம் பகத்சிங்கைப் படித்தது என்று மேடையில் சொல்லும்போது கை தட்டல் விழும். அந்தக் கைதட்டலை நான் மிகவும் விரும்பினேன்.

அதே ஜீவா இளம் வயதில் ஒடுக்கப்பட்ட சாதி நண்பனை மேல்சாதித் தெருவுக்குள் அழைத்து வந்து ஊராரின் கோபத்துக்கு ஆளானவர். அதை ஒரு வரியில் தாண்டிப் போவேன். கோபப்பட்ட ஊரார் யார் என்று சொல்ல வேண்டிவரும் அல்லவா? நான் நாஞ்சில் நாட்டு வெள்ளாளன். வயலும் களமும் வைத்திருந்த குடும்பம்.

வெளியூர் அடிமைகளைப் பற்றி எழுத எனக்குக் கை நடுங்கியதில்லை. ஹென்றி பிரவுன் என்ற கறுப்பின அடிமையின் மனைவியும் பிள்ளைகளும் விற்கப்பட்டுவிட்டார்கள். 1849 மார்ச் மாதம் அவர் ஒரு மரப்பெட்டிக்குள் தன்னை வைத்து அடைத்துக்கொண்டு, ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவுக்குப் பார்சலாகப் போய்ச் சேர்ந்தார். பயணம் 27 மணி நேரம். சில இடங்களில் பெட்டி தலைகீழாக வைக்கப்பட்டு, இரத்தம் முழுக்கத் தலைக்கு ஏறி, சத்தம் போடாமல் கிடந்தார். இதை நான் உருகி உருகி எழுதினேன். படித்தவர்கள் அழுததாகச் சொன்னார்கள். நானும் அழுதுகொண்டுதான் எழுதினேன், அது பொய்யில்லை.

அந்த 1849இல் பூதப்பாண்டி வயல்களில் கும்பப்பூ அறுத்துக்கொண்டிருந்த மனிதர்களையும் சட்டப்படி விற்கலாம். எனக்கு அது தெரியும். எழுதவில்லை.

அழகியபாண்டியபுரம் இங்கிருந்து சற்றுத் தூரம்தான். அங்கே பெரியவீட்டு முதலியார் குடும்பம், வேணாட்டு, திருவிதாங்கூர் அரசர்களின் காலத்தில் நாஞ்சில் நாட்டின் வரியும் நிர்வாகமும் பார்த்த குடும்பம். வெள்ளாளக் குடும்பம்தான். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டில் சேர்ந்த ஓலைக் கட்டுகளை உலகுக்குக் காட்டியவர் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. ஏட்டைப் படிப்பதிலும் கல்வெட்டைப் படிப்பதிலும் அவருக்கு இருந்த உழைப்பை, குழந்தைப் பாடல்களுக்குள் அவரை அடைத்துவிட்ட நாம் மறந்துபோனோம். பிறகு அ.கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்று அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தார். உள்ளே நிலக் கிரயம், ஒற்றி, ஆற்றுத் தண்ணீர்த் தகராறு, கோயில் செலவு, படையெடுப்பால் பாழான விளைச்சல் எல்லாம் இருக்கின்றன. அதிக வரி கேட்ட அரச அதிகாரிகளை எதிர்த்து நாட்டார் கூட்டம் கூடி முடிவெடுத்த ஓலையும் இருக்கிறது. அரசனை எதிர்த்து நின்ற நாஞ்சில் நாட்டார் என்று அந்த ஓலையைப் பற்றி எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன்.

அதே கட்டுகளில் ஆட்களை விற்ற ஓலைகளும் இருக்கின்றன. மனிதர்களைப் பெயர் சொல்லி, விலை சொல்லி எழுதிக்கொடுத்த ஓலைகள்.

முதன்முதலாக அவற்றைப் படித்தபோது என்னைத் தாக்கியது கொடூரமான சொற்கள் அல்ல, கொடூரமான சொல் எதுவுமே இல்லாததுதான். வயலை விற்கும் பத்திரம் எழுதிய அதே கை, அதே நிதானத்தோடு எழுதியிருக்கிறது. இந்தப் பகுதியில் வயலுக்கு இருந்த ஏற்பாடுகள் எல்லாம் ஆளுக்கும் இருந்தன. முழுதாக விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். பிறக்கப்போகும் பிள்ளையும் சேர்த்தே வாங்கியவருக்கு உரிமை.

இதை எழுத உட்கார்ந்ததுண்டு. அப்போது செய்த காரியம் பொய்யைவிட மோசம் என்று இப்போது நினைக்கிறேன். முதலில் திருப்பாம்புரம் கல்வெட்டை எடுத்து வைத்தேன். மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201. காலம் கெட்டு, ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் என்று விலை ஏறி, பிள்ளைகள் பட்டினியில் சாகும் நிலை. ஒரு வெள்ளாளன் தன்னையும் தன் இரண்டு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக எழுதிக் கொடுக்கிறான். கல்லில் வெட்டிய சாட்சி. இதைக் கொண்டு கட்டுரையைத் தொடங்கினால், "பாருங்கள், வெள்ளாளரும் அடிமையாகத்தான் இருந்திருக்கிறார்கள்" என்று சொல்லி, பாரத்தை எல்லோர் தலையிலும் சமமாக இறக்கிவிடலாம். அந்த ஏழைத் தகப்பனை நான் என் குடும்பத்துக்குக் கேடயமாகப் பிடிக்கப் பார்த்தேன். அவன் பட்ட பாடு உண்மை. அதற்காக நாஞ்சில் நாட்டில் வாங்கியவர்கள் யார், தலைமுறை தலைமுறையாக விற்கப்பட்டவர்கள் யார் என்பது மாறாது. கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். உண்மையாக எழுதியிருக்க வேண்டும், எழுதாமலே விட்டேன்.

ஒருமுறை சுந்தரர் கதையை ஒரு கோயில் விழாவில் சொன்னேன். திருமணப் பந்தலில் கிழவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இதோ என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. பாட்டன் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்று தீர்ப்பு வருகிறது. பெரியபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு அது இறைவன் ஆட்கொண்ட கதை. பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பதைச் சபையும் சரி, கதை கேட்ட மக்களும் சரி, இயல்பாக எடுத்துக்கொண்ட ஒரு நாட்டின் கதையும் அதற்குள் இருக்கிறது. மேடையில் அந்த இடத்தில் நாக்கு நுனிவரை வந்தது. முன்வரிசையில் என் பெரியம்மை மகனும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். விழுங்கிவிட்டேன்.

சட்டத்தின் கதையும் நன்றாகத் தெரிந்தே மறைத்ததுதான். 1812இல் ராணி கௌரி லட்சுமிபாய் திருவிதாங்கூரில் ஆள் விற்பதையும் வாங்குவதையும் தடை செய்தார். இந்த ஒரு வரியை மட்டும் எழுதி, நம் சமஸ்தானம் எவ்வளவு முந்தி விழித்தது பார்த்தீர்களா என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த ஆணையில் ஒரு விலக்கு இருந்தது. நிலத்தோடு கட்டுண்டு வேளாண்மை செய்யும் புலையர், பள்ளர், குறவர், வேடர், மலையர் ஆகியோருக்கு அது பொருந்தாது. அதாவது, அடிமைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாது. விலக்கைச் சொல்லாமல் ஆணையை மட்டும் சொல்வது அப்பட்டமான ஏமாற்று. 1836 கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் மக்களில் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். எட்டில் ஒருவர்.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளை விலக்கி வைத்தது. கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கான சட்டம் 1843இல்தான் வந்தது. திருவிதாங்கூர் அப்போதும் அசையவில்லை. 1847இல் மிஷனரிகள் மன்னருக்கு மனுக் கொடுத்தார்கள். உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா 1853இல் அரைகுறையாக ஓர் ஆணை பிறப்பித்து, 1855 ஜூனில் முழுமையாக ஒழித்தார்.

அந்த 1855ஐ எனக்கு நன்றாகத் தெரியும், வேறு ஒரு கதைக்காக. திருவனந்தபுரம் வானாய்வு நிலைய இயக்குநர் ஜான் ஆலன் புரூன் அந்த ஆண்டுதான் அகத்தியர் மலையில் 6,000 அடிக்கு மேலே ஒரு காந்தப்புல ஆய்வுக்கூடம் அமைத்தார். பூமியின் காந்தப்புலம் உயரத்தில் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக யானைக்காட்டுக்கு மேலே ஒரு கட்டிடம்! இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். அந்த மன்னரின் அறிவியல் ஆர்வத்தையும் மெச்சினேன். அதே மன்னர் அதே ஆண்டில் கையெழுத்திட்ட இன்னோர் ஆணையைப் பற்றி அந்த இரண்டு பக்கத்தில் ஒரு சொல் இல்லை.

ஏன் செய்தேன்? ஓலையைப் பற்றிக் கேட்டவருடைய மனம் நோகக் கூடாது என்று பொய் சொன்னதாக நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. நோகும் என்று நான் பயந்தது என் மனம். எங்கள் பாட்டாவின் களத்தில் கூலி நெல்லை முந்தியில் ஏந்தி வாங்கிய பெண்களை எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் எங்கள் வீட்டுப் படிப்புரையில் ஏறியதில்லை. ஓலையைப் பற்றி வாயைத் திறந்தால் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், விழாவுக்குக் கூப்பிடமாட்டார்கள், "இப்போ எதுக்குப் பழசக் கிண்டுக?" என்பார்கள் என்ற பயமும் இருந்தது. சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழியால் எங்கள் குடும்பங்கள் பட்ட சீரழிவைக் கவிமணி எழுதிக் காட்டியதையும், 1926இல் சட்டம் வந்து அது முடிந்ததையும் கூச்சமில்லாமல் மேடையில் சொல்வேன். நாங்கள் பட்ட கதை அது. யாருக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் அந்த இயந்திரம் ஓட்டுகிறவர் வீட்டுக்குப் போனேன். புத்தகத்தையும் கொண்டுபோனேன். "அன்னைக்கு நான் சொன்னது பொய் தம்பி. உங்க ஆளுகளப் பத்தி இருக்கு. வித்ததும் வாங்கினதும் எழுதியிருக்கு. எனக்குத் தெரிஞ்சுதான் இல்லன்னு சொன்னேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கோபப்பட்டார். "பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுத்த வாயால இதச் சொன்னீரா?" என்றார். 'சாரே' வரவில்லை. எனக்குச் சேர வேண்டியதுதான்.

பிறகு, "பேரு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வாசிக்கச் சொன்னார். கோடிட்ட இடங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். இப்போது நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும் மகள் நின்றுகொண்டே கேட்டாள். 1855 வரை வந்து நிறுத்தினேன். அவள் கேட்டாள், "விட்டுட்டாங்க, சரி. நிலம் ஏதும் குடுத்தாங்களா சார்?"

இல்லை, அந்த ஆணையில் நிலத்தைப் பற்றி எதுவும் கிடையாது, நிலம் வைத்திருந்தவர்களிடமே இருந்தது என்றேன். எங்கள் குடும்பம் வைத்திருந்த வயல்களும் அவற்றில் சேர்ந்தவை என்பதையும் சொன்னேன்.